பெரிய கால்குலேட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு

ஜூலை கடைசியில், டாலஸின் வடக்குப் புறநகர்களில் வெயில் மண்டையைப் பிளக்கும் வாரங்களில், எங்கள் தமிழ் வாட்ஸாப் குழுக்களில் ஒரே கேள்வி சுற்றி வரும். “அண்ணா, பொண்ணு ப்ரீகால்குலஸ் போறா. இருக்கறதுலயே நல்ல கிராஃபிங் கால்குலேட்டர் எது? காசைப் பத்திப் பரவாயில்ல.” நான் எலக்ட்ரானிக்ஸ்காரன், மேசை இழுப்பறை நிறைய இந்த மாதிரி மெஷின்கள் கிடக்கின்றன என்பது ஊருக்கே தெரியும். அதனால் கேள்வி எங்கே கிளம்பினாலும் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக் கை ஓய்ந்துவிட்டது. இனிமேல் இந்தப் பதிவின் லிங்க்தான்.

முதலில் அந்தக் “காசைப் பத்திப் பரவாயில்ல” விஷயம். இந்தச் சந்தையில் காசு ஒரு பிரச்சினையே இல்லை. டிஐ-84 பிளஸ் சிஇ, டிஐ-என்ஸ்பையர் சிஎக்ஸ் டூ சிஏஎஸ், ஹெச்பி ப்ரைம் என்று பெரிய தலைகள் எல்லாமே அமெரிக்காவில் சுமார் 120-இலிருந்து 180 டாலருக்குள்தான் இருக்கின்றன. கேசியோ எஃப்எக்ஸ்-சிஜி50 இன்னும் கொஞ்சம் மலிவு. ஐம்பது டாலர் கூடுதலாகப் போட்டால் ஐம்பது டாலருக்கு நல்ல மெஷின் கிடைக்கும் என்று கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். ஏனென்றால் இருப்பதிலேயே கெட்டிக்கார மெஷின் எதுவோ, அதைத்தான் தேர்வறை வாசலில் நிறுத்தி வைப்பார்கள்.

இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குப் பெயர் சிஏஎஸ், அதாவது கம்ப்யூட்டர் அல்ஜீப்ரா சிஸ்டம். எக்ஸ் ஸ்கொயரை ஈ-பவர்-எக்ஸால் பெருக்கி, அதைத் தொகையிடு என்று என்ஸ்பையர் சிஏஎஸ்ஸிடம் கொடுங்கள். நாம் தாளில் இரண்டு முறை பகுதித் தொகையிடல் போட்டு, நடுவில் ஒரு மைனஸைத் தொலைத்து, திரும்பத் தேடிக் கண்டுபிடிக்கும் விடையை அது கண் மூடித் திறப்பதற்குள் எழுதிக் காட்டிவிடும்: எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் இரண்டு எக்ஸ் பிளஸ் இரண்டு, முழுவதும் பெருக்கல் ஈ-பவர்-எக்ஸ். டிஐ-84-ஐக் கேட்டால், “எங்கிருந்து எங்கே வரை, சொல்லு” என்று எல்லை கேட்கும். கொடுத்தால் தசமத்தில் ஒரு எண் தரும். அவ்வளவுதான். ஒன்று எழுத்தைக் கையாளும், மற்றது எண்ணை மட்டும் கையாளும். மாணவனுக்காக வாங்குகிறவர் கவனிக்க வேண்டிய பெரிய பிரிவு இது ஒன்றுதான். திரை, நிறம், நினைவகம் எல்லாம் அப்புறம்.

இப்போது விதிகள். ஏசிடி தேர்வில் சிஏஎஸ் உள்ள எதுவும் கூடாது. ஹெச்பி ப்ரைமும் அந்தத் தடைப் பட்டியலில் உண்டு. ஐபி திட்டத்திலும் சிஏஎஸ் கூடாது. ஏபி கால்குலஸில் நேர்மாறு: ஒரு பகுதிக்குக் கிராஃபிங் கால்குலேட்டர் கட்டாயம், சிஏஎஸ் இருந்தாலும் கேள்வி கிடையாது. எஸ்ஏடி கணினிக்கு மாறிய பிறகு தேர்வு மென்பொருளுக்குள்ளேயே டெஸ்மோஸ் என்ற கிராஃபிங் கால்குலேட்டர் உட்கார்ந்திருக்கிறது. கையில் மெஷின் இல்லாமலேயே போகலாம். ஒரே பிள்ளை ஒரே வருஷத்தில் இந்த மூன்று நான்கு தேர்வுகளையும் எழுதும் என்பதுதான் சிக்கல். விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. வாங்குவதற்கு முன்னால் தேர்வு நடத்துகிறவர்களின் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மாமா சொன்னார், பதிவில் படித்தேன் என்று வாசலில் நின்று வாதாட முடியாது.

சிங்கப்பூரில் இருக்கிறவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். அங்கே ஏ-லெவல் ஹெச்2 கணிதத்துக்கு ‘ஜிசி’ வேண்டும், ஆனால் சிஏஎஸ் இல்லாததாக, அங்கீகரித்த பட்டியலில் உள்ளதாக இருக்க வேண்டும். ஜேசியில் (ஜூனியர் காலேஜில்) ஆசிரியர் எந்த மாடலைக் கையில் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறாரோ அதையே வாங்குங்கள். ஊரில் இருக்கிற அக்கா பையன் கேட்டான், “மாமா, எனக்கு ஒண்ணு அனுப்புங்களேன்” என்று. “உனக்கு எதுக்குடா? சிபிஎஸ்இ போர்டு தேர்விலும் ஜேஇஇ-யிலும் கால்குலேட்டரே கிடையாது. கேட் எழுதினா திரையிலேயே ஒண்ணு தருவாங்க” என்றேன். அவனுக்கு வருத்தம்தான்.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் பொறியாளராக உரிமம் வாங்க எஃப்இ, பிஇ என்று இரண்டு தேர்வுகள் உண்டு. பாலம் கட்டுகிறவர், மின்நிலையம் வடிவமைக்கிறவர் எல்லாம் எழுதுவது. அங்கே கிராஃபிங் கால்குலேட்டர் எதுவுமே கூடாது. அனுமதித்த சின்னப் பட்டியலில் கேசியோவின் 991 வரிசை இருக்கிறது. கோயம்புத்தூரிலோ நாகர்கோவிலிலோ செமஸ்டர் தேர்வுக்கு வாங்கின அதே எஃப்எக்ஸ்-991! வாங்கி வந்ததைப் பத்திரமாக வைத்திருந்தால் செலவே இல்லை.

தேர்வறை எப்படி மெஷினையே உருட்டிப் பிசைந்து மாற்றியது என்பதற்கு டிஐ-92-இன் கதையைச் சொல்ல வேண்டும். 1985-இல் கேசியோ எஃப்எக்ஸ்-7000ஜி வந்தபோது கையில் வைத்து வரைபடம் போடுவதே அதிசயம். அதில் நிரல் எழுத இருந்த இடம் வெறும் 422 பைட். 1987-இல் ஹெச்பி-28சி குறியீட்டுக் கணிதத்தையும் கைக்குள் கொண்டுவந்தது. 1995-இல் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ், கணினியில் ஓடிக்கொண்டிருந்த டெரைவ் மென்பொருளின் மூளையை எடுத்து டிஐ-92-இல் வைத்தது. அற்புதமான மெஷின். ஆனால் தட்டச்சுப் பலகை மாதிரி குவெர்ட்டி விசைகள் போட்டிருந்தார்கள். பல தேர்வுகளின் விதிப்படி அந்தப் பலகை இருந்தாலே அது கால்குலேட்டர் இல்லை, கணினி! வெளியே போ! 1998-இல் அதே மூளையைக் கிட்டத்தட்ட அப்படியே வழக்கமான வடிவத்தில் அடைத்து டிஐ-89 என்று விட்டார்கள். எஸ்ஏடி கதவு திறந்தது. இன்றைக்கும் என்ஸ்பையரில் எழுத்து விசைகள் ஏபிசி வரிசையில், அரிசி அரிசியாக, விரல் நகத்தால் அழுத்த வேண்டிய மாதிரி இருப்பதைப் பார்த்து எரிச்சல் வந்தால், திட்ட வேண்டியது இந்த விதியை.

சரி, 2004-இல் வந்த டிஐ-84 பிளஸ் குடும்பம் ஏன் இன்னும் பள்ளிகளைப் பிடித்து வைத்திருக்கிறது? பழைய மாடலில் இருந்தது இஸட்80 சிப், 15 மெகாஹெர்ட்ஸ். அந்த வருஷத்துச் செல்போனே அதைவிட வேகம். பதில் சிப்பில் இல்லை, வகுப்பறையில் இருக்கிறது. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் டெமானா, பெர்ட் வெயிட்ஸ் என்று இரண்டு பேராசிரியர்கள் எண்பதுகளின் கடைசியில் ஆசிரியர்களுக்குக் கிராஃபிங் கால்குலேட்டர் வைத்துப் பாடம் நடத்தப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். டிஐ அவர்களோடு கைகோர்த்தது. ஆசிரியர் பழகினார், பாடப்புத்தகத்தில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று டிஐ விசைகளின் படமே அச்சாகி வந்தது, மாணவன் அதையே வாங்கினான், அவனே ஆசிரியரானபோது அதையே சொல்லிக் கொடுத்தான். திரைக்குக் கீழே இருக்கும் அந்த ஐந்து பொத்தான்களின் வரிசை 1990-இன் டிஐ-81 காலத்திலிருந்து பெரிதாக மாறவே இல்லை. அப்பா பழகின விரல் மகளின் மெஷினிலும் ஓடும். இது அலட்சியப்படுத்த வேண்டிய விஷயம் இல்லை. வகுப்பில் முப்பது பேர் ஒரே மெஷின் வைத்திருக்கும்போது உங்கள் பிள்ளை மட்டும் கேசியோவை வைத்துக்கொண்டு, “மிஸ், என்னோடதுல அந்த மெனு எங்க இருக்கு?” என்று ஒவ்வொரு தடவையும் கை தூக்க வேண்டியிருந்தால், அந்த மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தும் என்ன?

ஆகவே பள்ளிப் பிள்ளைக்கு: டிஐ-84 பிளஸ் சிஇ, அல்லது ஆசிரியர் தடுக்கவில்லை என்றால் எஃப்எக்ஸ்-சிஜி50. முடிந்தது. கேசியோவில் திரை இன்னும் கூர்மை, நான்கு டிரிபிள்-ஏ பேட்டரி போட்டால் பல மாதம் ஓடும், தேர்வன்று காலையில் சார்ஜ் போட மறந்த கதை வராது. நம்வொர்க்ஸ் என்று 2017-இல் பிரான்ஸிலிருந்து வந்த ஒன்றும் இருக்கிறது. விலை குறைவு, மெனு குழந்தைக்குக் கூடப் புரியும், பைத்தான் ஓடும். தானாகவே துருவிக் கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு அது பொருத்தம்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. தேர்வு, ஆசிரியர் தொல்லையெல்லாம் இல்லாமல், தனக்காக, ஆசைக்காக, வேலைக்காக உயர்தர மெஷின் வாங்குகிறவருக்கு.

கடையில் நின்று எதைச் சோதிப்பது? மெகாபைட்டைப் பார்க்காதீர்கள். எங்கே பொய் சொல்கிறது என்று பாருங்கள். என் இழுப்பறையில் இருக்கும் பழைய கறுப்பு-வெள்ளை டிஐ-84-இல் சைன் 49 எக்ஸ் என்று கொடுத்து, ஜூமில் திரிகோணமிதி அளவைத் தேர்ந்தெடுங்கள். திரை முழுக்க நெருக்கமான நாற்பத்தொன்பது மடங்கு அலைகள் வர வேண்டும். வருவதோ சாதுவான, அழகான, சாதாரண சைன் எக்ஸ்! சைன் 48 எக்ஸ் கொடுத்தால் இன்னும் மோசம், நேர்கோடு. காரணம் எளிது. அந்த ஜூமில் வரைபடத்தின் அகலம் 95 புள்ளி. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே பையில் 24-இல் ஒரு பங்கு தூரம். மெஷின் அந்தப் புள்ளிகளில் மட்டும் கணக்குப் போட்டுக் கோடு இழுக்கிறது. ஒவ்வொரு எட்டுக்கும் 48 எக்ஸ் என்பது சரியாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்துவிடுவதால் நடுவில் நடந்த கூத்து எதுவும் அதன் கண்ணில் படுவதில்லை. சிக்னல் பிராசஸிங் படித்தவர்கள் சிரிப்பார்கள். அலையாசிங் இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. நிறத்திரை மாடல்களில் எண் மாறும், ஏமாற்று மாறாது.

இன்னொன்று. அதே மெஷினில் மாடுலஸ் எக்ஸின் வகைக்கெழுவை எக்ஸ் பூஜ்யத்தில் கேளுங்கள். அங்கே முனை இருக்கிறது, வகைக்கெழுவே கிடையாது என்று பிளஸ் டூ பையன் சொல்வான். மெஷின் கூசாமல் பூஜ்யம் என்கிறது. எக்ஸில் ஒன்று, அதே இடத்தில்? அந்தச் சார்புக்கு அங்கே மதிப்பே இல்லை. மெஷின் பத்து லட்சம் என்று துல்லியமாகச் சொல்கிறது. இடப்பக்கம் ஆயிரத்தில் ஒரு பங்கு, வலப்பக்கம் ஆயிரத்தில் ஒரு பங்கு தள்ளி இரண்டு மதிப்பை எடுத்து, கழித்து, வகுத்து வைப்பதுதான் அதன் முறை. நடுவில் பள்ளமா மலையா என்று எட்டிப் பார்ப்பதில்லை. சிஏஎஸ் மெஷின் குறியீட்டு விதிப்படி போவதால் இந்த இரண்டு குழியிலும் பெரும்பாலும் விழாது. எனக்கு சிஏஎஸ் பிடித்திருப்பதற்கு வீட்டுப்பாடம் சீக்கிரம் முடியும் என்பதைவிட இதுதான் காரணம்.

இப்போது மூன்று பெரிய தலைகள்.

கேசியோவின் கிளாஸ்பேட் எஃப்எக்ஸ்-சிபி400 பெரும்பாலும் தொடுதிரையை நம்பியது, 4.8 அங்குலம், பேனா ஒன்றும் உண்டு. சமன்பாட்டைப் பேனாவால் இழுத்து வரைபடத்தின் மேல் போட்டால் கோடாக விழும். காட்டுவதற்கு ஜோர். பாடம் நடத்துகிறவருக்குப் பிடிக்கும். எனக்குப் பொத்தான் வேண்டும். பேனாவைத் தேடிக்கொண்டே இருக்க என்னால் ஆகாது. தாண்டிப் போகிறேன்.

என்ஸ்பையர் சிஎக்ஸ் டூ சிஏஎஸ், 2019 மாடல். இதில் எல்லாமே ஆவணம், பக்கம் என்ற ஏற்பாடு. ஒரு பக்கத்தில் ஸ்லைடரை நகர்த்தினால் அடுத்த பக்கத்தில் உள்ள வரைபடமும் அட்டவணையும் கூடவே நகரும். ஆவணத்தில் ஒரே ‘பிராப்ளம்’ பிரிவின் கீழ் உள்ள பக்கங்களுக்குள் மாறிகள் இணைந்திருக்கும். மின்சுற்றில் மின்தடையை மாற்றி மாற்றிப் பார்க்கும் எனக்கு இது பெரிய வசதி. என்டர் அழுத்தினால் ரூட், பை எல்லாம் அப்படியே நிற்கும் சரியான விடை. கன்ட்ரோலோடு சேர்த்து என்டர் அழுத்தினால் தசமம். இந்த ஒரு பழக்கம் கைக்கு வந்துவிட்டால் வேறு மெஷினுக்குப் போக மனசு வராது. குறை என்றால், சட்டென்று ஒரு பெருக்கல் போட எடுத்தால் கூட ‘ஆவணத்தைச் சேமிக்கவா?’ என்று கேட்கும். அதற்கு ஸ்கிராட்ச்பேட் பொத்தானைப் பழகிக்கொள்ள வேண்டும்.

ஹெச்பி ப்ரைம் 2013-இல் வந்தது. 2018-இல் வந்த ஜி2 மாடல்தான் வேண்டும், அதன் சிப்பும் நினைவகமும் ரொம்ப மேல். வரைபடம் வேகமாக வருகிறது, விரலால் தள்ளிக்கொண்டே போகலாம். எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ஒய் ஸ்கொயர் சமம் 25 என்று அப்படியே கொடுத்தால் மேம்பட்ட வரைபட ஆப் முழு வட்டத்தை வரைந்து தருகிறது. டிஐ-84-இன் சாதாரண வரைபடத்தில் இதையே போட மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டு சார்பாக உடைக்க வேண்டும். அப்போதும் இரண்டு ஓரத்திலும் ஓட்டை விழும், அளவைச் சதுரமாக்காவிட்டால் வட்டம் முட்டையாகவும் நிற்கும். ப்ரைமின் குறியீட்டுக் கணிதம் கிரெனோபிள் பல்கலைக்கழகத்தின் பெர்னார் பாரிஸ் எழுதின ஜியாக் நிரலிலிருந்து வந்தது. அதே ஜியாக், எக்ஸ்காஸ் என்ற பெயரில் கணினிக்கு இலவசமாகவே கிடைக்கிறது.

ப்ரைமைப் புதிதாகத் தொடுகிறவரைப் பைத்தியம் பிடிக்க வைக்கும் ஒன்று உண்டு. அதற்கு ஹோம், சிஏஎஸ் என்று இரண்டு முகம். ஹோமில் பெரிய எழுத்து எக்ஸ் எப்போதும் ஒரு எண். நீங்கள் எதுவும் வைக்காவிட்டால் பூஜ்யம். சிஏஎஸ்ஸில் சின்ன எழுத்து எக்ஸ் தான் குறியீடு. இது தெரியாமல் பெரிய எக்ஸைப் போட்டுச் சமன்பாட்டைச் சுருக்கச் சொன்னால் வெறும் எண் வந்து விழும், ‘மெஷின் கெட்டுப்போச்சு’ என்று பெட்டியில் கட்டித் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. சின்ன எக்ஸ், சின்ன எக்ஸ், சின்ன எக்ஸ். ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ரைமில் ஆர்பிஎன் முறையும், அதாவது எண்களை முதலில் போட்டுச் செயலைக் கடைசியில் அழுத்தும் முறையும், இருக்கிறது. 1972-இல் 395 டாலருக்கு வந்த ஹெச்பி-35 காலத்திலிருந்து அந்த வீட்டுச் சொத்து. மூன்றையும் நான்கையும் கூட்டி, ஐந்தையும் ஆறையும் கூட்டி, இரண்டையும் பெருக்க வேண்டுமா? 3, என்டர், 4, கூட்டல், 5, என்டர், 6, கூட்டல், பெருக்கல். 77. அடைப்புக்குறியே வேண்டாம். பெயரெல்லாம் முன்னால் வந்து வினை கடைசியில் வரும் மொழியில் யோசிக்கிறவர்களுக்கு இது ஒரு வாரத்தில் படிந்துவிடுகிறது என்பது என் சொந்த நம்பிக்கை. ஆனால் ஆர்பிஎன்னுக்காக மட்டும் ப்ரைம் வாங்காதீர்கள். அதில் அது ஒட்டவைத்த மாதிரிதான் இருக்கிறது. அடுக்கில் குறியீடுகளைப் போட்டு விளையாடும் முழுச் சுகம் 2006-இன் ஹெச்பி 50ஜி-யோடு போய்விட்டது. பழைய சந்தையில் அதன் விலையைப் பார்த்தால் அது தெரியும்.

நிரல் எழுதும் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த நிறுவனங்களுக்குத் தேர்வுக்குழுதான் எஜமான், நீங்கள் இரண்டாம்பட்சம். 2009-இல் ஆர்வலர்கள் டிஐ-83 பிளஸின் 512-பிட் கையொப்பச் சாவியை உடைத்துச் சொந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஏற்ற வழி கண்டபோது, டிஐ சட்ட நோட்டீஸ் அனுப்பியது. எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் ஆர்வலர்கள் பக்கம் நின்றது. 2020-இல் சிஇ வரிசைக்கு வந்த அப்டேட், சி-யிலும் அசெம்பிளியிலும் எழுதின நிரல்கள் ஓடுவதையே நிறுத்தியது. திறந்த நிரல் என்று பேர் வாங்கின நம்வொர்க்ஸும் பின்னால் கதவைச் சாத்திக்கொண்டது. ஆகவே வாங்கின புதிதில் ‘அப்டேட் செய்யவா?’ என்று கேட்டவுடனே சரி என்று அழுத்தாதீர்கள். அந்த அப்டேட் எதைப் பிடுங்குகிறது என்று படித்துவிட்டு அழுத்துங்கள்.

“போன்லயே எல்லாம் இருக்கே, எதுக்கு தனி மெஷின்?” என்று என் மனைவி கேட்பதுண்டு. நியாயம்தான். டெஸ்மோஸ் இலவசம், ஜியோஜீப்ரா இலவசம், ப்ரைமே போனுக்கு ஆப்பாக வருகிறது. ப்ரைம் வாங்கலாமா என்று இழுபறியில் இருப்பவர் முதலில் அந்த ஆப்பைப் போட்டுக் கொஞ்ச நாள் பழகிப் பாருங்கள். உள்ளே ஓடுவது அதே மூளைதான். பொத்தான் இல்லாத குறை உங்களை அரிக்கவில்லை என்றால் காசு மிச்சம். என்னை அரித்தது. லேபில் ஒரு கையில் மீட்டர் முனையைப் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்க்காமலேயே மற்றக் கையால் தட்ட எனக்குப் பொத்தான்தான் வேண்டும்.

எனக்கு ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் என்ஸ்பையர் சிஎக்ஸ் டூ சிஏஎஸ். வரைபடமே பிரதானம், கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் பரவாயில்லை என்பவருக்குப் ப்ரைம் ஜி2.

பழையது வாங்குகிறவர்கள் நான்கு இடம் பார்க்க வேண்டும். பேட்டரி அறையைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பு-வெள்ளைத் திரையாக இருந்தால் கான்ட்ராஸ்டை முழுக்க ஏற்றி, செத்த வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கத்தில் பள்ளிப் பெயரோ எண்ணோ செதுக்கியிருந்தால் தொடவே தொடாதீர்கள். அது எங்கேயோ ஒரு வகுப்பறை அலமாரியிலிருந்து காணாமல் போன சாமான். கடைசியாக, என்ஸ்பையரில் மேலே சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் அது தேர்வு முறையில் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு மெஷினோடோ கணினியோடோ கேபிள் போட்டு இணைத்தால் திறக்கும். அதை விற்கிறவரையே செய்து காட்டச் சொல்லுங்கள். கேபிள் இல்லை, ஆனால் நன்றாக ஓடும் என்றால் அடுத்த விளம்பரத்துக்குப் போங்கள்.